விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்: தமிழ்நாட்டில் வயது வந்தபின் படிக்கவும் தொழில் கற்கவும் ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பகுதி நூலகத்தில் மாலை வேளைகளில் உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது என் வழக்கம். வருகிறவர்களில் பாதிப் பேர் முப்பதைத் தாண்டியவர்கள். “எந்த கோர்ஸ்ல சேரலாம் சார்?” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். “கடைசியா உங்க கையில இருக்கிற சான்றிதழ் எது?” என்று நான் திருப்பிக் கேட்பேன். நான்கைந்து ஆண்டுகளில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று: பணத்தையும் வருடத்தையும் தொலைத்தவர்கள் பெரும்பாலும் திறமை இல்லாதவர்கள் இல்லை. படிகளை வரிசை மாற்றி ஏறியவர்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையைப் பற்றியது.

முதல் படி: பீரோவைத் திறங்கள்

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதார் எல்லாவற்றையும் ஒரு நாள் தரையில் பரப்பி வையுங்கள். பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் குத்துமதிப்பாகப் போட்ட தேதி ஒன்று, பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிய தேதி ஒன்று என்று இருப்பது நம் ஊரில் சாதாரணம். இதைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்ய வேண்டும். 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறும் தேதிதான் வாழ்நாள் முழுக்க உங்கள் வயதுக்குச் சாட்சி. ஏறிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

சான்றிதழ் தொலைந்திருந்தால் படித்த பள்ளிக்கே போங்கள். சேர்க்கைப் பதிவேடு அங்கே இருக்கும். பொதுத்தேர்வு மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, “கண்டுபிடிக்க முடியவில்லை” என்ற சான்று வாங்கி, அரசுத் தேர்வுகள் துறையிடம் இரண்டாம்படி கேட்கலாம். கூச்சப்பட வேண்டாம். இருபது வருடம் கழித்துத் தன் பள்ளி வாசலில் போய் நிற்பவர்களைத் தலைமையாசிரியர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

எழுதப் படிக்கவே தெரியாதவர்களுக்கு

15 வயது தாண்டிய, எழுத்தறியாத எவருக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் இலவச வகுப்பு உண்டு. தமிழ்நாட்டில் இதை நடத்துவது பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம். பெரும்பாலும் அருகிலிருக்கும் அரசுப் பள்ளியில்தான் மையம். சொல்லித் தருபவர் தன்னார்வலர். மொத்தம் 200 மணி நேரப் படிப்பு, முடிவில் ஓர் அடிப்படைத் தேர்வு, பிறகு சான்றிதழ். உங்கள் தெருவில் மையம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரைக் கேட்டாலே போதும்.

வகுப்பு நேரத்தைக் கற்பவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை, வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியம். இதைக் கேட்டு வாங்குங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள், ஆயிரக்கணக்கில். தன் பெயரைத் தானே எழுதுவதும், தண்ணீருக்கும் சந்தைக்கும் தானே போய்வருவதும் அவர்களுக்கு ஒன்றாகவே வந்தன. எழுத்தறிவு வகுப்புக்குப் போகும் அம்மாவிடம் ஏடிஎம் அட்டையையும் பேருந்துப் பலகையையும் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். நின்றுபோகாமல் தொடர்பவர்கள் அப்படி அன்றாடத்தில் பயன் கண்டவர்களே.

8, 10, 12: விட்ட வகுப்பை முடிப்பது

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மாநில அரசின் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல், எழுதுவது. மற்றது, என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி.

தனித்தேர்வர் வழியில் 8ஆம் வகுப்புக்கு இஎஸ்எல்சி தேர்வு இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிரம்பினால் எழுதலாம், மேல் வயது வரம்பு கிடையாது. 10ஆம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக, அதாவது எல்லாப் பாடங்களையும் முதல் முறையாக, எழுத பதினாலரை வயது. விண்ணப்பத்தை நெட் சென்டரில் இஷ்டத்துக்குப் பதிய முடியாது. மாவட்டத்தில் இருக்கும் அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். தேதி தவறினால் தட்கல் முறையில் கூடுதல் கட்டணத்தோடு சில நாள் அவகாசம் தருவார்கள். நாளிதழில் வரும் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் அறிவியல் செய்முறை. 10ஆம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. நேரடித் தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக, முன்கூட்டியே, மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகப் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போய்த் திரும்பி வந்தவர்களை நானே அனுப்பிவைத்திருக்கிறேன், தெரியாமல். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பழைய தோல்வியை முடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2019–20 கல்வியாண்டு முதல் 10ஆம் வகுப்பில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே தாள்தான், முன்பு போல இரண்டிரண்டு இல்லை. ஆனால் நீங்கள் எப்போது படித்திருந்தாலும் இப்போதைய பாடத்திட்டத்தில்தான் எழுத வேண்டும். வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய புத்தகம் உதவாது. புதிய பாடநூல்களை அரசு இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. கணக்குக்கு அவை உண்மையிலேயே நல்ல துணை.

என்ஐஓஎஸ் வழி வேறு மாதிரி. ஒரு முறை பதிவு செய்தால் 5 ஆண்டுகள் செல்லும், அதற்குள் 9 முறை தேர்வெழுதும் வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் ஒன்றோ இரண்டோ பாடம் என்று எழுதி முடிக்கலாம். 10ஆம் வகுப்புக்கு ஐந்து பாடங்கள் எடுத்தால் போதும், அவற்றில் கணக்கு கட்டாயமில்லை. கணக்கைக் கண்டு பயந்து பள்ளியை விட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். 10ஆம் வகுப்பைத் தமிழ் வழியிலேயே எழுதலாம். 12க்கு நீங்கள் எடுக்க நினைக்கும் பாடம் தமிழில் உண்டா என்று பதியும் முன் பாடவாரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது? தமிழ்நாட்டு அரசு வேலை உங்கள் மனதில் இருந்தால், கஷ்டமானாலும் மாநிலத் தனித்தேர்வையே எழுதச் சொல்வேன். பிறகு, இது மாநிலத் தேர்வுக்குச் சமம் என்று காட்ட இணைச்சான்று, அரசாணை என்று அலைய வேண்டி வராது. தனியார் வேலை, சொந்தத் தொழில், மேற்படிப்பு என்றால் என்ஐஓஎஸ் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதானது.

10, 12 இல்லாமல் பட்டம் வாங்காதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், இதனால் உடைந்துபோனவர்களைப் பார்த்திருப்பதுதான். எங்கள் பகுதிப் பெண் ஒருவர், இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, தொலைநிலைக் கல்வியில் மூன்று வருடம் படித்து பி.ஏ. முடித்தார். 12ஆம் வகுப்பு முடிக்காதவர். நுழைவுத் தேர்வு ஒன்றை வைத்து நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்தது: தமிழ்நாடு அரசுப் பணிக்கு 10, அதன்பின் 12, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் முடித்த படிப்புதான் செல்லும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மேல் தவறில்லை. 2002இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985இல் தொடங்கிய இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எத்தனையோ பேரைக் கரைசேர்த்தவை. வரிசைதான் தவறு. விட்ட படியை முதலில் கட்டுங்கள், அதன் மேல் பட்டத்தை வையுங்கள்.

தொழில் கற்க: ஐடிஐயிலிருந்து தொடங்கிப் பாருங்கள்

ஐடிஐ என்றால் பதினாறு வயதுப் பையன்கள் படிக்குமிடம் என்ற எண்ணம் இருக்கிறது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு 8ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் போன்றவற்றுக்கு 10. வெல்டர் ஒரு வருடம், மற்ற மூன்றும் இரண்டு வருடம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடநூல், சீருடை, ஷூ, மிதிவண்டி, பேருந்து அட்டை ஆகியவை அரசு நிலையங்களில் தரப்படுகின்றன. 71 அரசு ஐடிஐகள் ‘தொழில் 4.0’ தரத்துக்கு உயர்த்தப்பட்டு, ரோபோ, கணினி வழி இயங்கும் சிஎன்சி இயந்திரங்களோடு இயங்குகின்றன. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால் போய்ச் சுற்றிப் பாருங்கள்.

ஐடிஐ படித்தவர்களுக்கே பலருக்குத் தெரியாத ஒன்று: 8ஆம் வகுப்பு முடித்து ஈராண்டு ஐடிஐ படித்துத் தேசியச் சான்றிதழ் பெற்றவர், 10ஆம் வகுப்பின் தமிழ், ஆங்கிலப் பாடங்களை மட்டும் தனியாக எழுதி வென்றால் 10ஆம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். 10க்குப் பின் ஐடிஐ முடித்தவர் இதே போல 12க்கு இணைச்சான்று பெறலாம். ஒரே கல்லில் தொழிலும் படிப்பும்.

ஐடிஐயின் சிரமம், முழுநாள் வகுப்பு என்பது. குடும்பத்தைத் தாங்குகிறவர் ஒரு வருடம் சம்பளமில்லாமல் இருக்க முடியுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். முடியாதென்றால் அடுத்த வழி இருக்கிறது.

பத்து நாள் முதல் நாற்பத்தைந்து நாள் வரை

ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னோடி வங்கி (மாவட்டத்தின் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் வங்கி) ஒன்று ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. வங்கிப் பெயரோடு சேர்த்து ‘ஆர்செட்டி’ என்று சொல்வார்கள். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தல நிர்வாகமும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய முயற்சிதான் பிறகு நாடு முழுக்க இப்படிப் பரவியது. இருசக்கர வாகனப் பழுது, செல்போன் சர்வீஸ், தையல், அழகுக்கலை, சிசிடிவி பொருத்துதல், ஆடு மாடு வளர்ப்பு என்று பயிற்சிகள். பயிற்சி இலவசம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். முடித்த பிறகு இரண்டு வருடம் உங்களைப் பின்தொடர்ந்து, வங்கிக் கடன் வாங்கவும் வழிகாட்டுவார்கள். இந்தப் பின்தொடர்தலுக்காகவே கிராமத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். தையல் கற்றுத்தரும் இடம் ஆயிரம் உண்டு. ஆறு மாதம் கழித்து “மெஷின் ஓடுதாம்மா?” என்று கேட்கும் இடம் குறைவு.

வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்றால், ஊரக இளைஞர்களுக்கு தீனதயாள் உபாத்யாய ஊரகத் திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது. 15 முதல் 35 வயது, பெண்களுக்கு 45 வரை. மகளிர் திட்ட அலுவலகத்திலோ உங்கள் மகளிர் சுய உதவிக் குழுவிலோ கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் பயிற்சிகளைப் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் தங்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவிலும் தனியாகக் கேட்க வேண்டும்.

விவசாயம், கால்நடை பக்கம் போகிறவர்களுக்கு வேளாண் அறிவியல் நிலையம். நாட்டிலேயே முதல் நிலையம் 1974இல் நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. காளான், தேனீ, நாற்றங்கால், மதிப்புக்கூட்டல் எல்லாவற்றுக்கும் குறுகிய பயிற்சிகள் நடக்கின்றன. கோழிக்கும் ஆட்டுக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையங்கள்.

அலுவலக வேலை பிடிக்கும் என்றால் தட்டச்சை மறந்துவிடாதீர்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு முதுநிலை (சீனியர்) முடித்து, அரசின் கணினி அலுவலகத் தானியங்கிச் சான்றிதழும் வைத்திருந்தால் தட்டச்சர் பணிக்கு நிற்கலாம். குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்தில் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கற்றுவிடக்கூடியது.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கு

பதினைந்து வருடமாக வயரிங் செய்கிறார், கையில் ஒரு காகிதம்கூட இல்லை. இப்படிப்பட்டவரை மீண்டும் வகுப்பில் உட்காரவைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். மின் ஒயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயதும் இருந்தால் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். மேல் வயது வரம்பு கிடையாது. அரசு ஐடிஐயில்தான் விண்ணப்பம். மற்ற தொழில்களில் அனுபவமுள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழியுண்டு. அறிவிப்பு வரும் காலத்தைப் பக்கத்து ஐடிஐயில் விசாரித்து வையுங்கள். கொத்தனார், தையல், அழகுக்கலை போன்றவற்றில் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்ற முறையில் குறுகிய அறிமுகப் பயிற்சி கொடுத்து, சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள்.

காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 10 லட்சத்துக்கு மேல், சேவைத் தொழிலுக்கு 5 லட்சத்துக்கு மேல் திட்டம் போட்டால் 8ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். கை நிறையத் தொழில் இருந்தும் அந்த ஒரு வரியில் நின்றுபோனவர்கள் உண்டு. லாரி, ஆட்டோ ஓட்டுநர் உரிமத்துக்கு இருந்த 8ஆம் வகுப்பு நிபந்தனை மட்டும் 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அது இருப்பதாக நினைத்து ஒதுங்கி நிற்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

தனியார் மையத்தில் பணம் கட்டும் முன்

நல்ல தனியார் மையங்கள் இருக்கின்றன. ஆனால் “அரசு அங்கீகாரம் பெற்றது” என்ற பலகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சங்கப் பதிவு எண், ஐஎஸ்ஓ சான்று, கம்பெனிப் பதிவு இவற்றில் எதுவும் படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “சான்றிதழில் யாருடைய கையெழுத்து இருக்கும்? போன வருடம் முடித்த ஒருவருடைய சான்றிதழைக் காட்டுங்கள்.” காட்டினால், அதில் உள்ள பெயரை வைத்து அந்த வாரியத்திடமே விசாரிக்கலாம். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ‘ஓராண்டு நர்சிங்’. செவிலியர் மன்றம் பதிவு செய்வது ஈராண்டுத் துணைச் செவிலியர் படிப்பு, மூன்றாண்டுப் பட்டயம், நான்காண்டு பி.எஸ்சி. போன்ற படிப்புகளையே. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் யாரும் பதிவு பெற்ற செவிலியர் ஆக முடியாது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் பயிற்சி என்று சொல்லி நடத்தினால் அது நேர்மையான பயிற்சி, அதற்கு வேலையும் இருக்கிறது. நர்ஸ் ஆகிவிடலாம் என்று சொல்லி நகையை அடகு வைக்கச் செய்வது மன்னிக்க முடியாதது.

மூலச் சான்றிதழை எங்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகல் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தை மாதாமாதம் கட்ட முடியுமா என்று கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் வகுப்பில் ஒரு நாள் உட்கார அனுமதி கேளுங்கள். எத்தனை தையல் இயந்திரம், எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரே நாளில் செய்யக்கூடிய சுற்று

வேலை நாள் ஒன்றில் விடுப்பு எடுத்து, நகல்களோடு மாவட்டத் தலைநகருக்குப் போங்கள். முதலில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே தொழில்நெறி வழிகாட்டல் உண்டு, போட்டித் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லித்தரும் தன்னார்வப் பயிலும் வட்டமும் அங்கேயே நடக்கிறது. அடுத்து அரசு ஐடிஐ, பிறகு மகளிர் திட்டம், மாவட்டத் தொழில் மையம், முன்னோடி வங்கி. ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகள்: அடுத்த சேர்க்கை எப்போது, என்ன சான்று வேண்டும், யாரைக் கேட்க வேண்டும். பதிலை அங்கேயே நோட்டில் எழுதுங்கள். ‘இங்கே இல்லை’ என்றால் ‘எங்கே’ என்று கேட்காமல் வெளியே வராதீர்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று இல்லாதவர்கள் இந்தச் சுற்றுக்கு இரண்டு வாரம் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

வீடும் நேரமும்

சேர்வது சுலபம். மூன்றாவது வாரம்தான் கடினம். திருவிழா வரும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், “இந்த வயசுல படிச்சு கலெக்டர் ஆகப்போறியா?” என்று யாராவது கேட்பார்கள். சேரும் முன்பே வீட்டில் ஒருவரிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்: வகுப்பு நாளில் சோறு வடிப்பது யார், குழந்தையைக் கூட்டிவருவது யார். தனியாகச் சேராமல் தெருவிலிருந்து இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு போனவர்கள் நிற்காமல் முடித்ததை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். மகனும் அம்மாவும் ஒரே ஆண்டில் 10ஆம் வகுப்பு எழுதிய வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. கணக்கு அவன் சொல்லிக்கொடுத்தான், தமிழ் அவர் சொல்லிக்கொடுத்தார்.

படித்துக் கையில் வாங்கும் ஒவ்வொரு சான்றிதழையும் அன்றே மூன்று நகல் எடுத்து, ஒன்றைக் கைப்பேசியில் சேமித்து, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் கூடுதல் தகுதியாக ஏற்றிவிடுங்கள். பதிவை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்த மாதத்தைச் சுவர் நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.